பழைய விதைப்பு இயந்திரத்தின் மார்க்கரைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

மக்காச்சோளமும் சோயாவும் விதைக்கிற பழைய பிளாண்டர் ஒன்று கைக்கு வந்தால், அதில் முதலில் கண்ணை உறுத்துவது மார்க்கர்தான். இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி மடங்கி நிற்கும் இரும்புக் கை, நுனியில் ஒரு வட்டு. கை வளைந்திருக்கும், வட்டு தேய்ந்திருக்கும், ஹோஸில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும். பார்த்ததும் இதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். புது மார்க்கர் மாட்டியும் வரிசை சேராமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடப் பழைய கையில் நான்கு பின்னும் ஒரு பேரிங்கும் மாற்றி, நூல் பிடித்த மாதிரி விதைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் டேப்தான்.

மார்க்கரின் வேலை எளிது. ஒரு நடை, அதாவது வயலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, விதைத்துக்கொண்டு போகும்போதே, அடுத்த நடையில் டிராக்டரின் நடு எங்கே வரவேண்டுமோ அங்கே மண்ணில் கோடு கீறிவிடும். திரும்பி வரும்போது பானட்டின் நடுவை அந்தக் கோட்டின் மேல் வைத்து ஓட்டுவீர்கள். முன் ஏர் போன வழியில்தான் பின் ஏர் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. இந்த நடையில் விழுந்த தப்பு அடுத்த நடைக்கும் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போகும்.

பிளாண்டருக்குள் இருக்கும் வரிசைகளின் இடைவெளி இரும்பில் பூட்டியது, மாறாது. மாறக்கூடியது இரண்டு நடைகள் சந்திக்கும் இடத்தில் விழும் இடைவெளி மட்டும்தான். இதைச் சந்திப்பு இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குல வரிசை என்றால் இதுவும் 30 அங்குலம் இருக்கவேண்டும். எட்டு வரிசையாக விதைத்துவிட்டு ஆறு வரிசைக் கார்ன் ஹெட்டால் (அறுவடை இயந்திரத்தின் முன்னால் மாட்டும் மக்காச்சோள அறுப்புப் பகுதி) அறுவடை செய்தால், இந்த இடைவெளி ஹெட்டின் நடுவே எங்காவது வந்து நிற்கும். அது 4 அங்குலம் தப்பியிருந்தால் தண்டு நேராக உள்ளே போகாமல் சாய்ந்து முறியும், கதிர் தரையில் விழும். களையெடுக்கும் கருவியை வரிசைக்குள் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் மோசம், கொழு நேரே பயிர்மேல் ஏறும். சோயாவைக் குறுகிய வரிசையில் விதைத்து அறுவடை இயந்திரத்தின் அகலமான வெட்டு மேடையால் அறுத்தால் இவ்வளவு கறார் தேவையில்லை.

கணக்கு

பிளாண்டரின் நடுவிலிருந்து மார்க்கர் கோடு விழவேண்டிய தூரம் = வரிசைகளின் எண்ணிக்கை × வரிசை இடைவெளி. அவ்வளவுதான். 30 அங்குலத்தில் ஆறு வரிசை என்றால் 180 அங்குலம். எட்டு என்றால் 240. பன்னிரண்டு என்றால் 360.

பிளாண்டரின் நடுவிலிருந்து டேப் பிடிப்பது தொல்லை, நடுவில் டிராக்டரும் இழுவைக் கம்பியும் குறுக்கே நிற்கும். அதனால் கடைசி வரிசையிலிருந்து அளந்துவிடலாம். எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, பாதியாக்கி, இடைவெளியால் பெருக்குங்கள். ஆறு வரிசைக்கு ஏழில் பாதி மூன்றரை, அதை 30-ஆல் பெருக்கினால் 105 அங்குலம். எட்டு வரிசைக்கு 135, பன்னிரண்டுக்கு 195, நான்கு வரிசைக் குட்டி பிளாண்டருக்கு 75.

புதியவர்கள் சறுக்கும் இடம் சோயா. பல பிளாண்டர்களில் 30 அங்குல வரிசைகளுக்கு இடையே கூடுதல் விதைப்பு அலகுகளை இறக்கி 15 அங்குலமாக்கலாம். ஆறு வரிசை பதினொன்றாகும், எட்டு பதினைந்தாகும், பன்னிரண்டு இருபத்து மூன்றாகும். பதினொரு வரிசையை 15-ஆல் பெருக்கினால் 165 அங்குலம்தான் வருகிறது. மக்காச்சோளத்துக்கு வைத்த 180-ஐ மாற்றாமல் அப்படியே ஓட்டினால், நடைக்கு நடை நடுவில் ஒரு 30 அங்குலப் பட்டை காலியாகக் கிடக்கும், அதில் களை நன்றாக வளரும். பிளாண்டர் எத்தனை வரிசையானாலும் சரி, மக்காச்சோளத்திலிருந்து சோயாவுக்கு மாறும்போது மார்க்கரை உள்ளே இழுக்கவேண்டிய அளவு எப்போதும் ஒரே 15 அங்குலம்தான். கடைசி வரிசை இடம் மாறுவதில்லை என்பதால் இப்படி வருகிறது. ஆகவே எந்த மார்க்கரை வாங்கினாலும், நுனிக் குழாய் 15 அங்குலமாவது உள்ளே வெளியே நகரும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டின் ஹப்பில் டேப்பை வைத்து அளக்காதீர்கள். வட்டு சாய்வாக நிற்கிறது, அது கீறும் இடமும் ஹப்பும் ஒன்றல்ல. பிளாண்டரை இறக்கி, விதைக்கும் வேகத்தில் ஐம்பது அடி ஓட்டி நிறுத்துங்கள். கடைசி வரிசையில் விதை விழுந்த பள்ளத்தை விரலால் கிளறி, விதை கிடக்கும் இடத்திலிருந்து மார்க்கர் கோட்டின் அடிமட்டம் வரைக்கும் அளங்கள். ஓட்டிப் பார்த்து எடுக்கும் அளவே அளவு. நிற்கும்போது நேராக இருக்கும் கை, இழுக்கும்போது மண் தள்ளிப் பின்னால் போய்விடும்.

பழைய தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

எதையும் கழற்றுவதற்கு முன் நான்கு நடை ஓட்டி, மூன்று சந்திப்பு இடைவெளிகளை அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பாதி நோய் அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.

மூன்றும் 32, 32, 32 என்று ஒரே மாதிரி வந்தால் இரண்டு கைகளும் 2 அங்குலம் கூடுதல் நீளம். குறைத்துவிட்டால் வேலை முடிந்தது. 28, 32, 28 என்று மாறி மாறி வந்தால் விஷயம் வேறு. ஒன்று, இடது கையும் வலது கையும் வெவ்வேறு நீளம். அல்லது கைகள் சரி, ஆனால் பிளாண்டர் டிராக்டரின் நடுவுக்கு நேராக வரவில்லை. பிளாண்டர் 2 அங்குலம் வலப்பக்கம் ஒதுங்கி வந்தால், போகும்போது கிழக்கே ஒதுங்கியது திரும்பும்போது மேற்கே ஒதுங்கும். ஆகவே ஒரு இடைவெளி சுருங்கும், அடுத்தது விரியும். ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பானட்டின் நடுவுக்குப் பதிலாகச் சைலன்சர் குழாயின் ஓரத்தைக் கோட்டில் பிடித்து ஓட்டினாலும் இதே கதைதான். இப்படி ஓட்டிவிட்டு மார்க்கரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

இரண்டு கைகளும் ஒரே நீளம் என்று டேப் சொல்லியும் இடைவெளி மாறி மாறி வந்தால், இழுவைக் கம்பியின் பின், ஊசி, பிளாண்டரின் நாக்கு ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒதுங்கினால், ஒரு கையை நீட்டி மறு கையை அதே அளவு குறைத்துச் சமன் செய்யலாம். பிளாண்டர் வலப்பக்கம் 2 அங்குலம் ஒதுங்கினால் வலது கை 2 அங்குலம் நீளவேண்டும், இடது கை 2 அங்குலம் குறையவேண்டும்.

கை, பின், புஷ்

இனிதான் ஸ்பானர். அதற்கு முன் பாதுகாப்பு. மடக்கி நிற்கும் கையின் கீழே யாரும் நிற்கக்கூடாது, நீங்களும்தான். போக்குவரத்துப் பூட்டுப் பின்னைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, ஹைட்ராலிக் லீவரை முன்னும் பின்னும் தள்ளி அழுத்தத்தை விட்ட பிறகுதான் ஹோஸைத் தொடவேண்டும். கசிவைத் தேட விரலைப் பயன்படுத்தாதீர்கள். அந்த எண்ணெய் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும். ஊசித்துளை வழியாகத் தோலுக்குள் ஏறினால் பார்க்கச் சின்னக் காயம்தான், ஆனால் உடனே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். கையை விரிக்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கையைத் தரையில் இறக்கி, நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அடிமூட்டில், பின் சுழலும் உலோகக் குழலான 4 அங்குல நீளப் புஷ்ஷின் இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் போதும், 100 அங்குலம் தள்ளி நுனியில் ஒன்றரை அங்குல ஆட்டம் வரும். பார்த்ததும் பதறத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு. கை பின்னால் போவதால் கோட்டின் பக்கவாட்டுத் தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. 105 அங்குலக் கை நுனியில் ஒரு அடி பின்னால் வளைந்திருந்தால்கூடக் கோடு முக்கால் அங்குலம்தான் உள்ளே வரும். கெடுவது வட்டின் சாய்வு. கை திரும்பிய அளவுக்கு வட்டும் திரும்பும். ஒரு பக்கம் ஆழமாக வாரும், மறுபக்கம் வெறுமே உருண்டுவிட்டுப் போகும். ஓட்டுகிறவருக்குக் கோடு தெரியாது, தெரியாதவர் உத்தேசமாக ஓட்டுவார். நீளம் தப்புவதைவிடக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய கெடுதல்.

நீளத்தை நேரடியாகக் கெடுப்பவை இரண்டு. நுனிக் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் லூஸாகி மெல்ல நழுவுவது ஒன்று. மடங்கும் மூட்டுகளில் பின் துளை முட்டை வடிவமாகத் தேய்வது இன்னொன்று. துளை முட்டையாகியிருந்தால் தடித்த பின்னைத் திணித்து ஒப்பேற்றாதீர்கள். துளையை வட்டமாகக் கடைந்து, புஷ் இறக்கி, புதுப் பின் போடுங்கள். கிரீஸ் நிப்பிள் இல்லாத பழைய மூட்டானால் இந்த வேலையோடு ஒரு நிப்பிளையும் வைத்துவிடுங்கள். வளைந்த கையை நிமிர்த்தலாம், ஆனால் வெல்டிங் ஒட்டில் கீறல் இருக்கிறதா என்று பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். கீறலைக் கண்டால் மேலே தடவிவிடக் கூடாது, கீறலை முழுக்கக் கடைந்து எடுத்துவிட்டுத்தான் வெல்டிங்.

அடுத்தது ஷியர் போல்ட். கை எதிலாவது மோதினால் இந்த ஒரு போல்ட் உடைந்து கை பின்னால் மடங்கவேண்டும். அதற்காகவே கொஞ்சம் மென்மையாகச் செய்திருப்பார்கள். ஒரு மாலை, இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில், உடைந்ததற்குப் பதிலாகக் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை நான் மாட்டினேன். மறுநாள் புதருக்குள் மறைந்திருந்த கல் தூணில் வட்டு இடித்தது. போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கொக்கியாக வளைந்து, அடித்தகடு பிளாண்டரின் குறுக்குச் சட்டக் குழாயிலிருந்து கிழிந்து வந்தது. கையேட்டில் சொன்ன தர எண்ணிலேயே நாலைந்து போல்ட்டுகளை டூல் பெட்டியில் போட்டு வையுங்கள்.

வட்டும் பேரிங்கும்

காசு குறைவாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். செலவோடு ஒப்பிட்டால் பலன் இங்கேதான் அதிகம்.

வட்டைக் கையால் சுழற்றிக் காதைக் கொடுங்கள். கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. விளிம்பைப் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். கடகடவென்றால் அதுவும் பேரிங்தான், அல்லது ஹப்பின் நட்டு தளர்ந்திருக்கும். பேரிங் மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்றவேண்டும், பழைய சீலைத் திரும்பப் போட்டால் ஒரே பருவத்தில் மண் உள்ளே போகும்.

நன்றாக உழுத மண் என்றால் வழவழப்பான விளிம்புள்ள வட்டு போதும். உழாமல், போன பருவத்துத் தட்டை அப்படியே கிடக்கும் நிலத்தில் விதைக்கிறீர்கள் என்றால் அந்த வட்டு தட்டைமேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும், மண்ணே தெரியாது. அங்கே பல் வெட்டிய விளிம்புள்ள வட்டு வேண்டும், பல் தட்டையை நறுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கினால் இன்னொரு பிரச்சினை, ஈரமான மென்மண்ணில் ஆழமாகப் புதைந்து கையைப் பின்னால் இழுத்து வளைக்கும். இதற்குத்தான் ஆழக் கட்டுப்பாட்டு வளையம். வட்டின் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டும் ஒரு சின்னச் சக்கரம் மாதிரி இருக்கும், குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் வட்டை விடாது. பல் வட்டும் இந்த வளையமும் சேர்ந்தால்தான் முழுப் பலன். ஒன்றை மட்டும் வாங்கிப் பாதிக் காசை மிச்சம் பிடிக்கவேண்டாம்.

வட்டின் சாய்வு அதிகமானால் மண் அதிகமாக எறியும், கோடு அகலமாகும், கைக்கும் பளு கூடும். கோடு எவ்வளவு தெரிந்தால் போதுமோ அந்தக் குறைந்த சாய்வில் நிறுத்துங்கள். இதை நண்பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, நல்ல கோடும் மங்கலாகத்தான் தெரியும்.

ஹைட்ராலிக்

பழைய பிளாண்டர்களில் மார்க்கர்கள் பெரும்பாலும் மாற்று வால்வு ஒன்றை நம்பி ஓடுகின்றன. பிளாண்டரைத் தூக்கினால் இறங்கியிருந்த கை மேலே போகும், இறக்கினால் மறு பக்கத்துக் கை இறங்கும். அழகான ஏற்பாடுதான். முழுக்கத் தூக்கினால்தான் பெரும்பாலான வால்வுகள் பக்கம் மாறும். திருப்பத்தில் அரைகுறையாகத் தூக்கி இறக்கினால் முன்பு இறங்கிய கையே மறுபடி இறங்கும். புதியவர் உடனே வால்வு கெட்டுவிட்டது என்று நினைப்பார். முழுக்கத் தூக்கி, கை மேலே போய் நிற்கும் வரை லீவரைப் பிடித்து, பிறகு இறக்கிப் பாருங்கள். அப்படியும் மாறவில்லை, அல்லது இரண்டும் ஒன்றாக இறங்குகின்றன என்றால், உள்ளே நகரும் சிறு உருளையான ஸ்பூல் அழுக்கில் சிக்கியிருக்கும். கழற்றி, சுத்தமான டீசலில் கழுவி, ஓ-ரிங்குகளை மாற்றி மாட்டுங்கள். ஸ்பூலை உப்புக் காகிதத்தால் தேய்த்தால் வால்வு குப்பைக்குத்தான்.

இங்கே செய்யக்கூடிய உண்மையான மேம்பாடு, மார்க்கரைப் பிளாண்டரின் தூக்கலிலிருந்து பிரிப்பது. வழி இரண்டு. டிராக்டரில் ஒரு ஹைட்ராலிக் இணைப்பு மீதி இருந்தால் மார்க்கருக்கென்று தனி ஹோஸ் இழுத்துவிடலாம். இல்லையென்றால் மாற்று வால்வின் இடத்தில், மின்சாரத்தால் திறந்து மூடும் 12 வோல்ட் சொலினாய்டு வால்வு வைத்து, கேபினுக்குள் ஒரு ஸ்விட்ச். இடது, வலது, இரண்டும், எதுவும் வேண்டாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நீரோடைப் புல்வழி, மின்கம்பம், வேலியோரம் எது வந்தாலும் விதைப்பை நிறுத்தாமல் கையை மட்டும் தூக்கலாம். ஒருமுறை இப்படி ஓட்டிப் பழகியவர் திரும்பப் போகமாட்டார், நானும் போகவில்லை.

சொலினாய்டு வால்வு வாங்கும்முன் உங்கள் டிராக்டரின் ஹைட்ராலிக் எந்த வகை என்று கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் திறந்த மைய வகையா, தேவைப்படும்போது மட்டும் தள்ளும் மூடிய மைய வகையா? வகை மாறினால் எண்ணெய் கொதிக்கும், பம்பு அலறும். மின்சாரத்தை விளக்கு வயரிலிருந்து ஒட்டுப்போட்டு எடுக்காமல் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனியாக இழுங்கள்.

கை விழும் வேகத்தைச் சிலிண்டர் பக்கத்திலுள்ள சிறு திருகு வால்வு கட்டுப்படுத்தும். அதை முதலில் ஏறக்குறைய மூடிவிட்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திறங்கள். மேலிருந்து தரை தொட ஐந்து எண்ணும் நேரமாவது ஆகவேண்டும் என்பது என் கணக்கு. தொப்பென்று விழுந்து குதிக்கும் கை எவ்வளவு புதிதானாலும் இரண்டு பருவத்தில் வெல்டிங்குக்கு வரும். ஹோஸ் மாற்றிய பிறகு நாலைந்து முறை மெல்ல மடக்கி விரித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, எண்ணெய் அளவைப் பாருங்கள். காற்று இருக்கும்வரை கை திடீர் திடீரென்று விழும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டாம்.

முழுக் கையையும் மாற்றுவதென்றால்

அடித்தகடே கிழிந்துவிட்டது, அல்லது ஒற்றை மடிப்புக் கை உயரமாக நின்று மரக்கிளையெல்லாம் ஒடிக்கிறது என்றால் மாற்றித்தான் ஆகவேண்டும். இரண்டு மூன்றாக மடங்கித் தாழ்வாகப் படுக்கும் கைகள் கிடைக்கின்றன. வேறு பிளாண்டரிலிருந்து கழற்றிய கைகளும் பொருந்தும். கையை மாட்டும் குறுக்குச் சட்டமான 7×7 அங்குலச் சதுரக் குழாய் பல பழைய பிளாண்டர்களுக்குப் பொது என்பது நம் அதிர்ஷ்டம். 1970களில் வந்த ஜான் டீர் 7000-க்கும் அதே அளவுதான், ஆனாலும் உங்களுடையதை நேரில் அளந்து பாருங்கள். அதோடு மடங்கிய கை உரப்பெட்டியில் இடிக்குமா, திருப்பத்தில் டிராக்டரின் பின்சக்கரத்தைத் தொடுமா, சாலையில் போகும்போது மொத்த அகலம் எவ்வளவு ஆகும் என்பதையும் பாருங்கள். சிலிண்டரையும் கையோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய சிலிண்டர் புதுக் கைக்கு நீளம் போதாமல் பாதி மடிப்பில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும்.

ஜிபிஎஸ் வந்த பிறகு மார்க்கர் எதற்கு என்று கேட்பீர்கள். ஆர்டிகே திருத்தத்தோடு (தரை நிலையம் அனுப்பும் துல்லியத் திருத்தம்) தானாகத் திரும்பும் ஸ்டியரிங் இருந்தால் ஓர் அங்குலத் துல்லியம் கிடைக்கும், அதற்கு மார்க்கர் ஈடில்லை. ஆனால் இலவசச் செயற்கைக்கோள் திருத்தத்தை மட்டும் நம்பும் மலிவான திரைக் கருவி மருந்து தெளிக்கத்தான் போதும், 30 அங்குல வரிசையைச் சேர்க்கப் போதாது. அதை வாங்கிவிட்டு மார்க்கரைக் கழற்றி விற்றவர் மறுபடி தேடி அலைவார். ஆர்டிகே உள்ளவர்களும் ஒரு பருவமாவது கைகளை மடக்கி வைத்துக்கொண்டே ஓட்டுவது நல்லது, விதைப்பின் நடுவில் சிக்னல் போகும் நாள் ஒன்று வரும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அந்த நான்கு நடைச் சோதனையை மறுபடி செய்து, மூன்று இடைவெளிகளைப் பழைய சீட்டிலேயே பக்கத்தில் எழுதுங்கள். 30-க்கு ஓர் அங்குலம் முன்பின் இருந்தால் போதும், அதற்குமேல் மார்க்கரில் கெடுபிடி பிடிக்க முடியாது. பிறகு 15 அங்குலம் உள்ளே இழுத்துச் சோயா அளவையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டு இடத்திலும் நுனிக் குழாயில் ரம்பத்தால் சின்னதாக ஒரு கோடு கீறி, மக்காச்சோளத்துக்கு மஞ்சள், சோயாவுக்கு வெள்ளை என்று பெயிண்ட் தடவிவிடுங்கள். பெயிண்ட் உதிர்ந்தாலும் ரம்பக் கோடு இருக்கும்.